மாத்திரைக் கட்டம்

ஆடி முதல் வெள்ளி

என் மொச்சைக்கொட்டைக்கு,

உன் அம்மா வீரலட்சுமி எழுதுகிறேன். கடிதம் என்றால் முதலில் சுகமா என்று கேட்க வேண்டும். நீ போய் இரண்டு வருஷம் ஆகப் போகிறது, உன்னிடம் அதை எந்த வாயால் கேட்பேன். இங்கே நாங்களும் சுகமாக இல்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். நீ இருந்தால், "எம்மா, இது என்ன எறும்பு மேஞ்ச மாதிரி இருக்கு" என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் கடைசி வரைக்கும் படி.

தம்பி பரணிக்கும் உனக்கு வந்த மாதிரியே வந்திருக்கிறது. சித்திரையில் காதுக்குக் கீழே நெறி கட்டியது. உன்னைப் பார்த்தவள் அல்லவா, மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு உட்காரவில்லை. அன்றைக்கே திண்டுக்கல்லுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆஸ்பத்திரியில் வைத்தே மூச்சுத் திணறிவிட்டது. அவசரம் என்று ஏதோ மருந்தை ஏற்றி ஆளை மீட்டார்கள். பிறகு சென்னைக்குப் போகச் சொன்னார்கள், போனோம். அங்கே மோகன்குமார் என்று ஒரு டாக்டர். நம்மை நிற்க வைத்துப் பேசாமல், உட்காரச் சொல்லிப் பேசுகிற மனிதர். இப்போது வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். கூட்டத்தில் விடக்கூடாது, வெளிப்பலகாரம் கூடாது, காய்ச்சல் அடித்தால் உடனே போன் பண்ண வேண்டும். பரணி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு தெருப்பிள்ளைகளோடு கம்பி வழியாகச் சண்டை போடுகிறான். "ஏலே, நான் வெளிய வந்தேன், நீ செத்தடா" என்று கத்துகிறான். அவன் அப்படிக் கத்தும்போதெல்லாம் உன் அப்பா எழுந்து சம்பங்கித் தோட்டத்துக்குப் போய்விடுகிறார். அங்கே அந்த நேரத்தில் ஒரு வேலையும் இல்லை.

டாக்டர் சொன்னது இதுதான். இது பிறவியிலேயே வந்த நோய் என்றால் எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையை மாற்ற வேண்டும். அப்பாவுடையது பாதி பொருந்துகிறது. ஆனால் மாற்றுவதற்கு முன்னால் பரணியின் பழைய மஜ்ஜையை மருந்து கொடுத்து அடியோடு அழிக்க வேண்டும். அதிலேயே சில பிள்ளைகள் போய்விடுகிறார்கள் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். பிறவி நோய் இல்லை என்றால் அந்தப் பக்கமே போகக்கூடாது, மாத்திரையிலேயே பார்க்கலாம். எது என்று தெரியாமல் கை வைக்க மாட்டேன் என்கிறார். ரொம்ப நாள் காத்திருக்கவும் முடியாது என்கிறார். உங்கள் இரண்டு பேருக்கும் ஜீன் என்கிறார்களே, அதில் ஒரே இடத்தில் ஏதோ ஒரு எழுத்து மாறியிருக்கிறதாம். அது நோயா, இல்லை உடம்பில் இருக்கிற மச்சம் மாதிரி சும்மா இருப்பதா என்று சொல்ல முடியவில்லையாம். பரணி ரத்தத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்றால், அவசரத்துக்கு ஏற்றிய மருந்தில் அது கலைந்துவிட்டதாம்.

அதனால் உன்னைத் தேடுகிறார்கள்.

நீ இருக்கும்போது உன் ரத்தத்தை இரண்டு தடவை எடுத்து வெளியூருக்கு அனுப்பினார்களே. முதலில் திண்டுக்கல்லில் எடுத்து பெங்களூருக்கு. பிறகு மதுரையில் எடுத்து ஐதராபாத்துக்கு. அந்த ரத்தம் இப்போது இல்லை. அதிலிருந்து படித்து எழுதி வைத்தது இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க நானும் அப்பாவும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். சென்னையில் தமிழ்மதி என்று ஒரு பெண் அதை எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்கிறாள். உன்னைவிடக் கொஞ்சம் பெரியவள்தான் இருப்பாள். என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். முதல் தடவை போனில் அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவள் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். நம் ரத்தத்தில் காவல் காக்கிற அணுக்கள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை. ஒவ்வொரு கையும் ஒவ்வொரு விதம், எந்தக் கிருமி வந்தாலும் ஏதாவது ஒரு கைக்குச் சிக்கும். நல்ல உடம்பில் லட்சக்கணக்கில் விதம் விதமான கைகள். உனக்குக் கொஞ்சம் கைகள்தான் இருந்தனவாம், அதுவும் ஒரே கை திரும்பத் திரும்ப. உன்னைப் பற்றி அவர்களிடம் இருப்பது அந்தக் கைகளின் பட்டியல்தான். ஒரு கைக்கு ஒரு வரி.

ஆனால் இரண்டு லேபும் இரண்டு விதமாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் அணுக்களை எண்ணியிருக்கிறார், இன்னொருவர் மிஷின் எத்தனை தடவை படித்தது என்று எண்ணியிருக்கிறார். ஒருவர் கைக்கு ஒரு பெயர் வைத்தால் மற்றவர் வேறு பெயர் வைக்கிறார். ஒருவர் வரியின் இரண்டு முனையையும் வெட்டிவிட்டு எழுதுகிறார். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே பிள்ளையின் ரத்தம் என்று கம்ப்யூட்டருக்கே தெரியவில்லையாம். அப்பா போனுக்குப் பக்கத்தில் வந்து, "பூவுல ஒருத்தன் முழம்ங்குறான், ஒருத்தன் படிங்குறான், ஒருத்தன் கிலோங்குறான், அப்படியா தாயி" என்று கேட்டார். "அதேதாங்கப்பா" என்று அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். நம் வீட்டில் யாரோ சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று.

இதற்காகவே பல தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் கூடிப் பேசி ஒரு முறை வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது, எதை எப்படி எண்ணுவது, எல்லாருக்கும் ஒரே மாதிரி. அந்த முறைக்கு மாற்றிவிட்டால் எந்த ஊரிலும் படிக்கலாம். வேறு தேசங்களில் இந்த நோய் வந்த பிள்ளைகளின் வரிகள் ஏற்கெனவே அப்படி இருக்கின்றன. உன் வரிகளை அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தால் உனக்கு வந்தது என்ன என்று தெரிந்துவிடும். உனக்குத் தெரிந்தால் தம்பிக்கும் தெரிந்த மாதிரி.

தமிழ்மதி ராப்பகலாக உட்கார்ந்து உன் வரிகளை எல்லாம் மாற்றிவிட்டாள். ஒரே ஒரு கட்டம் நிற்கிறது. ரத்தம் எடுத்தபோது அந்த ஆள் என்ன மருந்தில் இருந்தார் என்று எழுத வேண்டிய கட்டம். ஏனென்றால் உனக்குக் கொடுத்த அந்த வெள்ளை மாத்திரை கைகளை ஒடுக்கிவிடுமாம். மாத்திரை சாப்பிட்டதால் கைகள் குறைந்தனவா, பிறக்கும்போதே குறைவா என்று பிரித்துச் சொல்ல முடியாதாம். மதுரையில் எடுத்த ரத்தம் உதவாது, அப்போது நீ ஊசியும் மாத்திரையுமாகக் கிடந்தாய். திண்டுக்கல்லில் எடுத்ததுதான் ஒரே வழி. அதை எழுதிய லேப்காரர்கள் பழைய முறையில் எழுதியிருக்கிறார்கள், அதில் மருந்துக்கு என்று கட்டமே இல்லை. அன்றைக்குக் கட்டம் இல்லாததால் உன்னை யாரும் கேட்கவில்லை. இன்றைக்குக் கட்டம் இருக்கிறது, நீ இல்லை.

தமிழ்மதி என்னைக் கேட்டாள், "அம்மா, அன்னைக்கு அவங்க மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்களா?"

சாப்பிட்டாள், நான்தானே தினமும் கையில் கொடுத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அது அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்த வாரம். நீ முளைப்பாரிக்குப் பயிறு போட்டு விரதம் இருந்தாய்.

பரணி கூப்பிடுகிறான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உன்னைப் பெற்றவள்


ஆடி இரண்டாம் செவ்வாய்

மொச்சை,

நம் ஊரிலும் காப்புக் கட்டிவிட்டார்கள். முளைப்பாரி வீட்டில் இருந்து கும்மிச் சத்தம் கேட்கிறது. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

முதலில் வீட்டுக்குள் தேடினேன். மாத்திரை அட்டை ஒன்று கிடைத்தால் போதும், எத்தனை மிச்சம் என்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று. பிறகு தேடுவதை நிறுத்திவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பதினாறாம் நாள் உன் பாய், தலையணை, துணி, நீ தொட்ட மருந்துப் பை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிக் குடகனாற்றில் போட்டுவிட்டு அப்பா திரும்பிப் பார்க்காமல் வந்தார். ஊர் வழக்கம் அது. வயசுப்பிள்ளை போனால் அந்தப் பிள்ளையின் பொருள் ஒன்றும் வீட்டில் தங்கக்கூடாது. ஆற்றில் அன்றைக்குத் தண்ணீர்கூட இல்லை.

திண்டுக்கல் ஆஸ்பத்திரிச் சீட்டில் மாத்திரை எழுதிய தேதி இருக்கிறது. ரத்தம் எடுத்ததற்கு ஒரு வாரம் முன்னால், காப்புக் கட்டிய அன்றைக்கு. அதைப் பார்த்தால் நீ மாத்திரையில்தான் இருந்தாய். டாக்டர் எழுதிக் கொடுத்தது அது. நீ முழுங்கினாயா என்று அந்தச் சீட்டுக்கு எப்படித் தெரியும்?

முளைப்பாரி வளர்த்த நாளெல்லாம் உன்னோடு இருந்தது உன் சிநேகிதி புவனேஸ்வரிதான். அவளை வத்தலக்குண்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், தெரியுமா உனக்கு? மாப்பிள்ளை வாழைக்காய் மண்டியில் இருக்கிறார். பரணியை அப்பாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறிப் போனேன். வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் போகிற கூட்டத்துக்கு நடுவில் வழி தெரியாமல் செத்த நேரம் நின்றேன். அவளே வந்து கூட்டிப்போனாள். ஏழு மாசம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடக்கிறாள். சோறும் வெஞ்சனமும் வைத்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் அழுதாள். அழுதுகொண்டே, "அவளைப் பத்தி என்கிட்ட கேட்டா நான் என்னத்த அத்தே சொல்லுவேன். வாயத் தொறந்தா பொய்யி, மூடுனா நடிப்பு" என்று திட்டினாள். அது கேட்க எனக்கு நன்றாக இருந்தது. யாரும் இப்போது உன்னைத் திட்டுவதில்லை. செத்துப்போனவளை எல்லாரும் நல்ல பிள்ளை, நல்ல பிள்ளை என்றே சொல்கிறார்கள்.

அவளுக்கு ஞாபகம் இருப்பதைச் சொன்னாள். முளைப்பாரி வீட்டு ஒச்சம்மா அத்தை எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னதாம், "நாக்குல மருந்து மாத்திரை பட்டுச்சுன்னா பயிறு வெளிறிப்போகும், தெரிஞ்சுக்கங்கடி" என்று. நீ காலையில் குளித்துவிட்டு வரும்போது ஒரு கன்னம் உப்பியிருக்குமாம். "என்னடி, கன்னத்துல பாக்கா" என்று இவள் கேட்டாளாம். நீ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, "சாமிக்கும் டாக்டருக்கும் நடுவுல எனக்கு எதுக்குடி பொல்லாப்பு" என்றாயாம்.

எனக்கு உயிர் வந்தது. அப்படியானால் துப்பிவிட்டாளா என்று கேட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துப்பியதைப் பார்க்கவில்லை என்றாள். தண்ணீரோடு சேர்த்து முழுங்கியும் இருக்கலாம் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். கும்மி அடிக்கும்போது நீ, "என் மூஞ்சி வீங்கிக்கிட்டே போகுதுடி, போட்டோவுல தேங்கா மாதிரி விழுவேன்" என்றாயாம். அந்த மாத்திரை சாப்பிட்டால்தான் முகம் வீங்கும். ஆனால் நீ அதைச் சொன்னது ரத்தம் எடுப்பதற்கு முன்னாலா பின்னாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரியை இதற்கு மேல் கசக்கக்கூடாது என்று எழுந்து வந்துவிட்டேன். வாசல் வரைக்கும் வந்து, பெண் பிள்ளை பிறந்தால் உன் பெயரை வைக்கட்டுமா என்று கேட்டாள். அவள் வயிற்றைத் தொட்டுவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

திரும்பி வரும்போது பஸ் முழுக்க சிறுமலை வாழைப்பழத்தின் வாசனை. உனக்குப் பிடிக்கும். இறங்குகிற இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

ஏதாவது ஒரு வழியில் சொல்லு தாயி.

அம்மா


ஆடி, பாரி கரைக்கிற நாள்

என் மொச்சைக்கொட்டை, என் பொன்னழகு,

பரணிக்கு நேற்றுக் காய்ச்சல் வந்துவிட்டது. திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது. நீ படுத்திருந்தாயே அதே வார்டு. செபாஸ்தியம்மாள் நர்ஸ் என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டது. பரணி அந்த அம்மாவிடம், "எங்கக்கா இங்க இருந்துச்சா, எந்தக் கட்டில்ல" என்று கேட்கிறான். அது தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி வெளியே போய்விட்டது.

மோகன்குமார் டாக்டர் போன் பண்ணினார். நாளைக் காலையில் ஆம்புலன்சில் சென்னைக்குக் கூட்டிவரச் சொல்லிவிட்டார். வந்ததும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும், மஜ்ஜையா மாத்திரையா என்று. உன் முதல் ரத்தம் மாத்திரை படாத ரத்தம் என்று தெரிந்தால் அவருக்குச் சந்தேகம் இல்லை, உடனே மஜ்ஜைக்குப் போய்விடுவாராம். மாத்திரை பட்ட ரத்தம் என்றாலோ, தெரியாது என்றாலோ, அந்த வரிகளைக் கணக்கில் சேர்க்க முடியாது. அப்புறம் ஊகத்தில்தான் போக வேண்டும். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது.

உன் அப்பா என்னை வராண்டாவுக்குக் கூட்டிப்போனார். "அவ முழுங்கலன்னு சொல்லிப்புடு. யாரு வந்து பாக்கப் போறா. ஒரு வார்த்தை, அம்புட்டுத்தான. சொல்லிட்டா எதையாச்சும் செய்வாங்கள்ல" என்றார். நான் வார்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பெத்த வாயில இருந்து ஒரு சொல்லு வரல பாரு. அந்தக் கட்டத்தைக் கட்டிக்கிட்டு அழு" என்று கத்தினார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவரைக் குற்றம் சொல்லாதே. மஜ்ஜையைக் கொடுக்க வேண்டியவர் அவர்தான். கொடுத்தே பிள்ளை செத்துப்போனால் அதையும் அவர்தான் சுமக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து பார்ப்பதற்கு அதுவே மேல் என்று நினைக்கிறார்.

நானும் அப்படித்தான் சொல்லிவிட இருந்தேன். தமிழ்மதிக்குப் போன் போட்டேன். போட்டதும் வாய் வேறு ஏதோ பேசியது. அந்த வருஷம் உன் பாரிதான் ஊரிலேயே உயரம் என்று சொன்னேன். தட்டாம்பயிறும் மொச்சையும் ஒரு முழம் வளர்ந்து நின்றதையும், ஒரு குருத்துகூட வெளிறவில்லை என்பதையும், ஒச்சம்மா அத்தை உன் பாரியைத்தான் முதலில் தூக்கச் சொன்னதையும் சொன்னேன். மருந்து நாக்கில் பட்டிருந்தால் பயிறு அப்படி வந்திருக்குமா, நீயே சொல்லு தாயி என்று அவளிடம் கெஞ்சினேன். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாள் என்று நினைக்கிறேன். பிறகு, "நான் நம்புறேம்மா. ஆனா அதை எழுத ஒரு கட்டம் இல்லையேம்மா" என்றாள்.

எழுதுவதற்கு மூன்றே வார்த்தைதான் உண்டாம். ஆம், இல்லை, தெரியாது.

இல்லை என்று எழுதிக்கொள் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் இன்னொன்று சொன்னாள். உன் வரிகளில் உன் பெயர் இருக்காதாம். ஒரு நம்பரும், வயதும், பெண் என்பதும்தான். எனக்கு அது முதலில் வலித்தது, பொன்னழகு என்கிற பெயரை வைக்க உன் அப்பா வீட்டாரோடு எவ்வளவு சண்டை போட்டேன். பெயர் இல்லாமலே அந்த வரிகள் எல்லா ஊருக்கும் போகுமாம். எந்தத் தேசமோ, பரணியைவிடச் சின்னப் பையன் ஒருவன் இதே மாதிரி படுத்திருக்கிறான். அவனுடைய டாக்டரும் உன் வரிகளுக்காகக் காத்திருக்கிறார். நீ மாத்திரை படாதவள் என்று நான் சொன்னால், அதை வைத்து அவன் மஜ்ஜையையும் அழிப்பார்கள்.

அவனுக்கும் ஒரு அம்மா இருப்பாள். அவளும் ஒரு வராண்டாவில் நிற்பாள். நான் சொல்கிற பொய் அந்தக் கட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் பிள்ளையைத் தொடும். உன் ரத்தம் யாருக்கும் கெடுதல் செய்யக்கூடாது மொச்சை. அது உன்னைக் கொன்றதே போதும்.

நாளைக் காலையில் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

ஆனால் நாளைக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு நான் எப்படி பரணி முகத்தைப் பார்ப்பேன். தெரியாது என்பதும் எனக்குப் பொய் மாதிரியே இருக்கிறது. ஏனென்றால் ஒருத்திக்குத் தெரியும். உனக்குத் தெரியும்.

இங்கே ஜன்னலில் இருந்து பார்த்தால் ரோட்டில் யாரோ பாரி எடுத்துக்கொண்டு போகிறார்கள். நம் ஊர்ப் பாரியும் இந்நேரம் கிளம்பியிருக்கும். பரணி எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கக்கா பாரிதான் பெருசு, என்னம்மா" என்கிறான். ஆமாம் அப்பு என்றேன்.

நீ எங்கே இருந்தாலும் உனக்குப் பசி இருக்கக்கூடாது, வலி இருக்கக்கூடாது. அங்கே காற்றாவது நல்ல காற்றாக இருக்கட்டும். தம்பிக்கு உன் ஆயுசில் மிச்சம் ஏதாவது இருந்தால் கொடு. இல்லாவிட்டால் பரவாயில்லை, நீ சின்னப்பிள்ளை, உன்னிடம் போய்க் கேட்கிறேன். ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லு. நான் கோபப்பட மாட்டேன், அடிக்க மாட்டேன், சாமியிடமும் சொல்ல மாட்டேன். அந்தக் காப்புக் கட்டிய வாரம், காலையில் நீ குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து நின்றபோது, உன் உள்ளங்கையில் நான் வைத்த மாத்திரையை நீ முழுங்கினாயா தாயி?